இரும்பு வளையமும் மூன்றாம் ஓலையும்

கல்யாணம் நின்றுபோக ஊரில் நூறு காரணம் உண்டு. என் கல்யாணம் நிற்கப் பார்த்தது ஓர் இரும்பு வளையத்தால். கையில் போடுகிற வளையம் இல்லை, என் அப்பாவின் துப்பாக்கிக்குள் இருக்கிற வளையம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் வேலை செய்கிற ஹோட்டலில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

என் அப்பா சிங்கராயர் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட் முதலாளி எல்லாவற்றையும் விற்றுவிட்டு பெங்களூருக்குப் போனபோது தன் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியை அப்பாவுக்கு முறைப்படி மாற்றிக் கொடுத்தார். பயிர்க்காவலுக்கு என்று லைசென்ஸும் வந்தது. எங்கள் வீட்டில் பயிர் என்றால் அம்மா வைத்த கறிவேப்பிலைச் செடியும் நான்கு பேரிக்காய் மரமும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அப்பா சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரிப்பார். துப்பாக்கியைக் கழற்றுவார். கழற்றிக்கொண்டே பேசுவார். "பறவை வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக்தான் கண்ணு. காட்டுக்கோழி ஒண்ணு தனியாவா எந்திரிக்கும்? நாலு சேந்து எந்திரிக்கும். ரெட்டைக் குழல் வெச்சிருக்கறவன் ரெண்டு வெடி வெச்சுட்டு வாயப் பாத்துட்டு நிக்கோணும். இதுல விசைய அமுக்க அமுக்க அதுவே அடுத்த தோட்டாவ ஏத்திக்கும். தோள்ல உதையும் கம்மி." பிறகு குழல் எத்தனை நீளம் இருக்க வேண்டும், எத்தனை எடை இருந்தால் கை வலிக்காது, குழலின் வாய் எவ்வளவு குறுகினால் ரவை எவ்வளவு தூரம் சிதறாமல் போகும் என்று வரிசையாக வரும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, ஏற்காட்டுக் குளிரில் உள்ளே உறைந்துவிடும். தையல் மிஷின் எண்ணெய்தான், அதுவும் ஒரு சொட்டு. மழையில் நனைந்தால் அன்றைக்கே துடைக்க வேண்டும். எனக்குக் காது புளித்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அப்பா வாழ்நாளில் ஒரு பறவையைக்கூடச் சுட்டதில்லை. அவருக்கு மீசை அரும்புவதற்குள் சர்க்கார் வேட்டையைத் தடை செய்துவிட்டது. அவர் பேசுவதெல்லாம் முதலாளி சொன்னதும் முதலாளி விட்டுப்போன புத்தகங்களில் படித்ததும்தான். காட்டுக்கோழி பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு செல்வராஜ் கடை பிராய்லரைச் சாப்பிட உட்காருவார். அம்மா குழம்பை ஊற்றுவார்.

சரி, ஒரு வீட்டில் ஒரு பைத்தியம் என்றால் சமாளிக்கலாம். நான் விரும்பிய பென்னி பக்கத்து ஊரான செம்மநத்தத்துக்காரன். அவன் அப்பா ஜோஸ்வாவிடம் ரெட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. எனக்கென்று வந்து வாய்த்த ராசி.

இரண்டு பேருக்கும் ஒரே பங்குக் கோயில். பூசை முடிந்ததும் வேப்பமரத்தடியில் நின்று இருவரும் துப்பாக்கிச் சண்டை போடுவது நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே நடக்கிறது. ஜோஸ்வா மாமாவும் ஒரு பறவையைச் சுட்டவர் இல்லை. தோட்டத்துக்கு வருகிற கிளியையும் காட்டுப்பன்றியையும் விரட்ட வானத்தைப் பார்த்து வெடிப்பதோடு சரி. ஆனாலும் வாய் சும்மா இருக்காது. "உங்களுது துப்பாக்கி இல்லீங்க, தையல் மிஷினுங்க. எண்ணெய் விடோணும், கழட்டோணும், மாட்டோணும். என்ற துப்பாக்கி மடக்குனா தொறக்கும், நிமித்துனா மூடும். அவ்வளவுதானுங்க" என்பார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிடும்.

இப்படிப்பட்ட இருவரையும் சம்பந்தியாக்க நானும் பென்னியும் பட்ட பாடு சொல்லி மாளாது. எப்படியோ நிச்சயம் முடிந்தது. நான் தேவமாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். சம்பந்திகள் இருவரும் ஒரே நாளில் போனார்கள். வரிசை நீளமாக இருந்ததால் அப்பா தன் துப்பாக்கியை உறையோடு ஜோஸ்வா மாமாவிடம் விட்டுவிட்டுப் பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு வந்தார். முடிவு வந்ததும் இருவரும் போய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அப்பா அன்றைக்கே மேஜையில் பேப்பரை விரித்துக் கழற்றித் துடைத்து மாட்டினார். குழந்தையை விடுதியிலிருந்து கூட்டி வந்தவர் மாதிரி இருந்தார்.

அடுத்து கல்யாண வேலை. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பார்கள். முதல் ஓலை வாசித்த அன்று பென்னி வீட்டில் சாப்பாடு. சொந்தபந்தம் எல்லாம் செம்மநத்தத்துக்கு வந்திருந்தது. அப்பா துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"ஏனுங்க, விருந்துக்குப் போறப்ப இது எதுக்குங்க?" என்று அம்மா கேட்டார்.

"அங்க பேரிக்காயெல்லாம் கிளி கொத்துதாம். பயிர்க்காவலுக்குத்தானே லைசென்ஸு?" என்றார் அப்பா. அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, கிளிக்காகப் போகவில்லை.

பிரியாணி இறங்குவதற்குள் கிளிக்கூட்டம் வந்து இறங்கியது. அப்பா நடுத்தோட்டத்தில் போய் நின்று எல்லாரையும் கூப்பிட்டார். "மூணு வெடி. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள மூணு. எண்ணிக்கோங்க." வானத்தைப் பார்த்துக் குழலைத் தூக்கினார். ஒன்று வெடித்தது. அவ்வளவுதான். காலியான தோட்டா வெளியே விழாமல் பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது. அப்பா விசையை அமுக்கினார், இழுத்தார், தட்டினார். மேலே போன கிளிகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே மரத்தில் வந்து உட்கார்ந்தன.

ஜோஸ்வா மாமா வீட்டுக்குள் போய்த் தன் ரெட்டைக் குழலை எடுத்து வந்து இரண்டு வெடி வெடித்தார். கிளிகள் கரடியூர்ப் பக்கம் பறந்தே போய்விட்டன. "மிஷின்ல நூலு அந்துபோச்சுங்களா சம்பந்தி?" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். பென்னியும் சிரித்தான், அதை நான் பார்த்துவிட்டேன். அப்பா பிரியாணியைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இந்த இடத்தில் அந்த வளையத்தைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்பாவின் துப்பாக்கி வெடித்ததும் குழலே பின்னால் சறுக்கி வந்து, காலித் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு, அடுத்ததை ஏற்றிக்கொண்டு முன்னால் போகும். அந்தச் சறுக்கலைத் தாங்க ஒரு ஸ்பிரிங் உண்டு. ஸ்பிரிங்கோடு ஓர் இரும்பு வளையம் உண்டு. பலமான தோட்டா போடும்போது வளையத்தை ஸ்பிரிங்குக்கு மேலே மாட்ட வேண்டும், அது குழலைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். லேசான தோட்டாவுக்கு வளையத்தை முதலில் போட்டு அதன்மேல் ஸ்பிரிங்கை மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் லேசான தோட்டாவுக்குக் குழல் பாதிதான் சறுக்கும், காலித் தோட்டா சிக்கிக்கொள்ளும். அப்பா போடுவது எப்போதும் லேசான தோட்டாதான். வளையமோ மேலே இருந்தது.

"இது என்ற கை வேலை இல்ல" என்றார் அப்பா. "இருவது வருசமா நான் கீழதான் மாட்டறேன். ஸ்டேஷன்ல நான் டீ குடிக்கப் போனப்ப அந்த ஜோஸ்வா கழட்டிப் பாத்திருக்காரு. என்னை நாலு பேரு முன்னால கேவலப்படுத்தோணும்னே மாத்தி மாட்டியிருக்காரு."

"அப்பா, போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல உக்காந்து யாராச்சும் துப்பாக்கியக் கழட்டுவாங்களா?" என்றேன்.

"அவருக்கு என்ன பயம்?" என்றார். வாங்கி வந்த அன்றைக்கு அவரே கழற்றி மாட்டினாரே என்று எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொன்னால் கூரை பறந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்து வேப்பமரத்தடியில் அப்பா நேராகப் போய்க் கேட்டேவிட்டார். ஜோஸ்வா மாமா முதலில் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை என்றதும் அவர் முகமும் மாறியது. "உங்க தையல் மிஷின நான் விரலால கூடத் தொடலீங்க. பொய்யி பேசற ஊட்டுல பொண்ணெடுக்கற நெலம எங்களுக்கு இல்லீங்க" என்றார். அப்பா உடனே சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "மூணாம் ஓலைக்குள்ள அவரு தப்ப ஒத்துக்கோணும். இல்லாட்டி தடைன்னு நானே சாமியார்கிட்டச் சொல்லிருவேன்" என்றார். கோயில் வாசலில் பாதி ஊர் நின்று கேட்டது.

நான் பென்னிக்குப் போன் போட்டேன். "எங்கப்பாவப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே" என்றான். தெரியும். அவன் அப்பாவையும் தெரியும், என் அப்பாவையும் தெரியும், இவன் எதற்கும் உதவ மாட்டான் என்பதும் இப்போது தெரிந்தது. அம்மா மூன்று நாள் ரசமும் அப்பளமும் மட்டும் போட்டார், அது அவருடைய போராட்டம். அப்பா அதையும் சாப்பிட்டுவிட்டுப் பிடிவாதமாக இருந்தார்.

கடைசியில் பங்குச்சாமியாரிடமே போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "தடைன்னா நெருங்கின ரத்த உறவு, ஏற்கெனவே ஒரு கல்யாணம், இப்படி ஏதாவது இருக்கணும்மா. துப்பாக்கி வளையமெல்லாம் தடையில வராது" என்றார். எனக்கு உயிர் வந்தது. அதற்குள் அவரே, "ஆனா பெத்தவங்க ரெண்டு பேரும் வெட்டிக்கிட்டு நிக்கறப்ப நான் ஓலை வாசிச்சு என்னம்மா ஆகப்போகுது? ஞாயித்துக்கிழமைக்குள்ள பேசி முடிச்சுட்டு வாங்க. இல்லாட்டி தள்ளி வெச்சுக்கலாம்" என்றார். தள்ளி வைத்தால் இந்த இரண்டு பேரும் இந்த ஜென்மத்தில் சேர மாட்டார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

சனிக்கிழமை லீவு போட்டேன். சனிக்கிழமை ஹோட்டலில் லீவு கேட்பது என்றால் மேனேஜர் காலில் விழ வேண்டும், ஊரே டூரிஸ்டாக இருக்கும். விழுந்தேன். பென்னியிடம், "உங்கப்பாவக் கூட்டிட்டு பத்து மணிக்கு எங்க ஊட்டுல இருக்கோணும். இல்லாட்டி நீ எனக்கு வேண்டாம்" என்றேன். இப்படிச் சொன்னால்தான் அவனுக்குக் காலில் ரத்தம் ஓடும். பத்தேகாலுக்கு ஜீப் வந்து நின்றது.

சாப்பாட்டு மேஜையில் பேப்பரை நானே விரித்தேன். துப்பாக்கியை நானே கொண்டு வந்து வைத்தேன். ஒரு பக்கம் அப்பா, எதிர்ப்பக்கம் ஜோஸ்வா மாமா. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அப்பா, நீங்க கழட்டி, எப்படி மாட்டோணும்னு மாமாவுக்குக் காட்டுங்க. அவரு பாக்கட்டும். அப்பறம் யாரு என்ன பண்ணுனதுன்னு பேசிக்கலாம்" என்றேன். அப்பா செய்து காட்டிப் பெருமைப்பட்டால் பாதிக் கோபம் இறங்கும், மாமா ஒரு வார்த்தை இறங்கி வந்தால் மீதியும் போய்விடும் என்பது என் கணக்கு. இருபது வருஷம் அவர் பிரசங்கத்தைக் கேட்டதற்கு இது ஒன்றாவது பயன்படட்டும் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். தோட்டா இல்லையென்று இரண்டு தடவை பார்த்தார். முன்கட்டையைக் கழற்றினார், குழலை உருவினார், ஸ்பிரிங்கையும் வளையத்தையும் எடுத்து பேப்பரில் வைத்தார். ஒவ்வொன்றையும் துடைத்தார், ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். வாய் ஓயவில்லை. "ஒரு சொட்டுக்கு மேல உட்டா வழுக்கி உதை அதிகமாயிரும். கட்டையே வெடிச்சுப் போயிரும். இப்பப் பாருங்க, லேசான தோட்டாவுக்கு மொதல்ல வளையம். வளையம் கீழ போயி உக்காரோணும். அப்பறம்தான் ஸ்பிரிங்கு."

இதைச் சொல்லிக்கொண்டே அவர் கை ஸ்பிரிங்கை எடுத்து முதலில் மாட்டியது. பிறகு வளையத்தை எடுத்து அதன்மேல் போட்டது.

"ஆச்சுங்களா? வளையம் கீழ, ஸ்பிரிங்கு மேல" என்றார். மேலே கிடந்த வளையத்தை விரலால் தடவினார். அதையே பார்த்துக்கொண்டு, அது கீழே இருக்கிறது என்று சொன்னார்.

இவ்வளவு நாள் எரிச்சலில் நான் கவனிக்காத எல்லாம் சேர்ந்து நினைவுக்கு வந்தன. போன மாதம் பூசைக்குக் கிளம்பியவர் பாதி வழியில் நின்று எங்கே போகிறோம் என்று அம்மாவைக் கேட்டது. காப்பியில் உப்பைப் போட்டுவிட்டு டப்பாவை மாற்றி வைத்ததாக அம்மாவிடம் சண்டைக்குப் போனது. வேண்டுமென்றே உயிரை வாங்குகிறார் என்று நினைத்திருந்தேன். அம்மாவைப் பார்த்தேன். அவர் சமையலறை வாசலில் கையில் டீத்தட்டோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஜோஸ்வா மாமாவைப் பார்த்தேன். அவர் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெட்டைக் குழல்காரர்தான், ஆனால் இத்தனை வருஷம் இதைப் பற்றிச் சண்டை போட்டவருக்கு மேலே எது, கீழே எது என்று தெரியாதா? இனி அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜெயித்துவிடுவார். எதிரில் என் அப்பா உடைந்துபோவார். என் கல்யாணமும் அதோடு போகும். நான் பென்னியின் கையைப் பிடித்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அம்மா கொண்டு வந்து வைத்த டீயை ஜோஸ்வா மாமா எடுத்து ஒரு வாய் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"தப்பு என்ற மேலதானுங்க சம்பந்தி" என்றார். "அன்னைக்கு நீங்க டீ குடிக்கப் போனப்ப சும்மா இருக்க மாட்டாம கழட்டிப் பாத்தனுங்க. மாட்டத் தெரியாம மாட்டிப்புட்டேன். நாலு பேரு முன்னால சிரிச்சதும் தப்புதானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

அப்பா மேஜையை ஓங்கித் தட்டினார். "பாத்தியா கண்ணு! நாஞ் சொன்னனா இல்லியா?" அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பெரிய மனது பண்ணி மாமாவை மன்னித்தார். மன்னித்த கையோடு அடுத்தவர் துப்பாக்கியைத் தொடுவது எவ்வளவு பெரிய தப்பு என்று பாடம் எடுத்தார். ரெட்டைக் குழலை விற்றுவிட்டு என்ன வாங்க வேண்டும், எத்தனை நீளக் குழல், எந்தத் தோட்டா என்று சொல்லிக்கொண்டே போனார். ஜோஸ்வா மாமா ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். என் அப்பாவை எழுந்து போய் உலுக்கலாம் போலவும், கட்டிக்கொண்டு அழலாம் போலவும் எனக்கு இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜீப் கிளம்பியது. நாளைக்கு மூன்றாம் ஓலை, இரண்டு வீடும் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று பேசி முடித்தாயிற்று. அப்பா கேட் வரைக்கும் போய்க் கையசைத்துவிட்டு வந்தார். நான் மேஜையில் உட்கார்ந்து துப்பாக்கியைக் கழற்றி, வளையத்தைக் கீழே போட்டு, அதன்மேல் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

அப்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார்.

"ஸ்டேஷன்ல அவரு கழட்டல கண்ணு" என்றார். "உறைக்கு நான்தான் முடிச்சுப் போட்டேன். திருப்பி வாங்குனப்ப அதே முடிச்சு இருந்துச்சு. நானேதான் அவுத்தேன். தோட்டா சிக்குன அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா அப்பா அவர அப்படிப் பேசினீங்க?"

"வேற யாராச்சும் பண்ணியிருக்கட்டும்னு நெனச்சேன்" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருந்து நான் கேட்டதில்லை. "இன்னைக்கும் மாத்தி மாட்டிட்டனா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். "ஸ்பிரிங்க மொதல்ல போட்டீங்க அப்பா. நாம சேலத்துல ஒரு டாக்டரப் பாக்கலாம். நான் கூட வாரேன்."

"ஜோஸ்வா பாத்தாரா?" என்று அப்பா கேட்டார்.

"பாத்தாருங்க அப்பா."

"பாத்துட்டா அப்படிச் சொன்னாரு?"

"ஆமாங்க."

அப்பா எண்ணெய் படிந்த விரல்களைப் பேப்பரில் ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு எழுந்து என் தலையில் கையை வைத்தார்.

"நல்ல ஊட்டுக்குத்தான் போற கண்ணு" என்றார்.